ஒரு லிட்டர் தண்ணீரும் ஒன்பது கிராம் உப்பும்

கல்லூரியில் உடலியங்கியல் செய்முறை வகுப்பு ஒன்றில் நாங்கள் பன்னிரண்டு பேர் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டோம். முதல் அணியில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கு ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைப் பதினைந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டாவது அணிக்கும் அதே ஒரு லிட்டர்தான். ஆனால் அதில் 9 கிராம் உப்பு கரைக்கப்பட்டிருந்தது. அதன்பின் அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் சிறுநீர் கழித்து, அதன் அளவையும் ஒப்படர்த்தியையும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) கரும்பலகையில் எழுத வேண்டும். நான் தண்ணீர் அணியில் இருந்தேன்.

குடிப்பதற்கு முன் எடுத்த என் சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் வீதம் சுரந்திருந்தது, ஒப்படர்த்தி 1.020. குடித்து ஒரு மணி நேரம் கழிந்தபோது அது நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் ஆகியிருந்தது. சாடியில் இருந்தது குழாயிலிருந்து பிடித்த தண்ணீரைப் போல நிறமற்று இருந்தது. அதில் இட்ட யூரினோமீட்டரின் மிதவை, தாங்குவதற்கு எதுவும் இல்லாததுபோல ஆழமாக அமிழ்ந்து, அளவுகோலின் உச்சிக்கு அருகில் 1.002 என்ற கோட்டில் நின்றது. இரண்டரை மணி நேரத்தில் குடித்த லிட்டர் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் குடித்தவர்களுக்கோ, வகுப்பு முடியும்வரை நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிலிட்டருக்கு மேல் ஏறவேயில்லை. இரு அணியினரின் வயிற்றுக்குள்ளும் போனது ஒரே அளவு தண்ணீர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிந்தது, அளக்கப்பட்டது எது என்ற கேள்வி அன்று மனத்தில் விழுந்தது. இன்றுவரை இந்த உறுப்பைப் பற்றி எது படித்தாலும் அந்தக் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது.

உடல் முதலில் கவனிப்பது தண்ணீரின் அளவை அன்று, செறிவை. இரத்தப் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தச் செறிவு கிலோகிராமுக்கு 285 முதல் 295 மில்லிஆஸ்மால் என்ற குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதோடு ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் சேர்ந்தால் செறிவு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும். 288 என்று இருந்தது 281-ஐ நெருங்கும். ஒன்பது கிராம் உப்புக் கரைசலின் செறிவு இரத்தத்தின் செறிவோடு ஏறத்தாழ ஒத்தது என்பதால், அதைக் குடித்தவர்களின் இரத்தம் நீர்க்கவில்லை. ஆகவே அளக்கும் கருவியின் முள் அசையவில்லை.

அந்தக் கருவி சிறுநீரகத்தில் இல்லை. மூளையில், ஹைப்போதலாமஸை ஒட்டி இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வெர்னி என்ற உடலியங்கியலாளர், நாய்களின் கழுத்துத் தமனி வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தத்தில் செறிவான உப்புக் கரைசலைச் செலுத்தியபோது, சிறுநீர் ஓட்டம் சில நிமிடங்களில் சரிவதைக் கண்டார். சர்க்கரைக் கரைசலுக்கும் அதே விளைவு கிடைத்தது, யூரியாவுக்குக் கிடைக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் செல்லுக்குள் எளிதில் நுழையாமல் வெளியே நின்று தண்ணீரை உறிஞ்சிச் செல்லைச் சுருங்கவைக்கும். யூரியா உள்ளேயும் வெளியேயும் எளிதாகப் போய்வரும். எனவே மூளையில் உள்ள ஏதோ சில செல்கள் தாம் சுருங்குவதையே செய்தியாக அனுப்புகின்றன என்று அவர் முடிவு செய்து, அவற்றுக்கு ஆஸ்மோரிசெப்டர் என்று பெயரிட்டார். 1947-ல் வெளியான அந்த உரையை, ஒரு சிக்கலான கேள்விக்குள் எளிய சோதனைகளைக் கொண்டே எவ்வளவு ஆழமாகப் போகலாம் என்பதற்கான சிறந்த உதாரணமாக நான் கருதுகிறேன்.

அந்தச் செல்கள் அனுப்பும் செய்தியின் பெயர் வாசோபிரெஸின். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன இச்சிறு ஹார்மோன் ஹைப்போதலாமஸில் உருவாகி, நரம்பிழைகள் வழியே பிட்யூட்டரியின் பின்பகுதிக்கு வந்து, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் அதன் எட்டாவது இடத்தில் ஆர்ஜினின் இருக்கும். பன்றியில் அங்கே லைசின். செறிவு ஒரு விழுக்காடு கூடினாலே ஹார்மோனின் அளவு உயர்கிறது. 280-ஐ ஒட்டி இறங்கினால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தண்ணீரை விழுங்கும் செயலே கூட, அந்தத் தண்ணீர் இரத்தத்தை எட்டுவதற்கு முன்பே, அதன் சுரப்பைத் தணிக்கத் தொடங்குகிறது.

செய்தி போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைச் சொல்வதற்கு முன் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும்: தண்ணீரைப் பிடித்து இறைக்கும் பம்பு சிறுநீரகத்தில் எங்கும் இல்லை. உப்பை இறைக்கப் புரதங்கள் உண்டு. குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் ஏற்றிச்செல்லப் புரதங்கள் உண்டு. தண்ணீர் மட்டும் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குத் தானே போகும். அதைச் சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் இரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான சிறுநீரை ஓர் உறுப்பு எப்படி உண்டாக்க முடியும்? தண்ணீரைச் சிறுநீரிலிருந்து வெளியே இழுக்க, அதைவிடச் செறிவான ஓர் இடம் உடலுக்குள் இருந்தாக வேண்டும். அந்த இடத்தைச் சிறுநீரகம் தனக்குள்ளேயே, உப்பைக் கொண்டு கட்டி வைத்திருக்கிறது.

வழியை முதலிலிருந்து பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்னும் சிறுநீர் உண்டாக்கும் நுண்குழல் அலகுகள் ஏறக்குறைய பத்து லட்சம் உள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு உறுப்புகளுக்கு வருகிறது; குளோமருலஸ் என்னும் தந்துகி முடிச்சுகளில் அது வடிகட்டப்பட்டு, நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், அதாவது நாளுக்கு 180 லிட்டர், குழல்களுக்குள் இறங்குகிறது. இதில் மூன்றில் இரண்டு பங்கு, குழலின் முதற்பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலிலேயே உப்போடும் குளுக்கோஸோடும் சேர்ந்து இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. தாகமாக இருந்தாலும் தண்ணீர் குடித்திருந்தாலும் இந்தத் திருப்பம் நடக்கும். இதில் தண்ணீருக்கென்று தனித்த முடிவு எதுவும் எடுக்கப்படுவதில்லை. ஹென்லே வளைவு மேலும் ஒரு பங்கை மீட்கிறது. எஞ்சுவது நாளுக்கு ஏறக்குறைய 18 லிட்டர். வாசோபிரெஸினின் அதிகாரம் செல்வது இந்தப் பதினெட்டு லிட்டரின் மீதுதான்.

ஹென்லே வளைவை யாக்கோப் ஹென்லே 1862-ல் விவரித்தார். சிறுநீரகத்தின் வெளியடுக்கான புறணியிலிருந்து உள்ளடுக்கான அகணிக்குள் நேராக இறங்கி, கொண்டை ஊசியைப் போல வளைந்து, வந்த வழிக்கு இணையாகவே மேலே ஏறும் அந்தக் குழல் எதற்காக இருக்கிறது என்பதற்கு நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து விடையின் முதல் வடிவத்தைச் சொன்னவர் மருத்துவர் அல்லர். வெர்னர் குன் என்ற இயற்பியல் வேதியியலாளர். எதிரெதிராக ஓடும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சிறிய வேறுபாடு ஒன்றை உண்டாக்கினால், ஓட்டத்தின் நீளம் அந்த வேறுபாட்டைப் பலமடங்காகப் பெருக்கிவிடும் என்பதை 1942-ல் ரைஃபெல் என்பவரோடு சேர்ந்து அவர் காட்டினார்.

அது நடக்கும் விதம் இது. வளைவின் மேலேறும் கிளையான ஏறு தூம்பின் தடித்த பகுதி உப்பை வெளியே தள்ளும். ஆனால் அதன் சுவர் தண்ணீரை விடாது. இறங்கு தூம்பின் சுவர் தண்ணீரை எளிதாக விடும். ஏறு தூம்பு தள்ளிய உப்பால் வெளிப்புறம் செறிவாகிறது. அதனால் பக்கத்தில் இறங்கிவரும் திரவத்திலிருந்து தண்ணீர் வெளியேறி, அத்திரவமும் செறிவாகிறது. அப்படிச் செறிவான திரவம் வளைவில் திரும்பி ஏறு தூம்புக்கு வரும்போது, தள்ளுவதற்கு முன்பைவிட அதிக உப்பு அங்கே இருக்கிறது. ஒரு மட்டத்தில் இந்தச் சுவரால் உண்டாக்க முடிகிற வேறுபாடு சுமார் 200 மில்லிஆஸ்மால்தான். ஆனால் இறங்குவதும் ஏறுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதால் அந்த இருநூறு படிப்படியாக அடுக்கப்பட்டு, புறணியில் 300 ஆக இருக்கும் செறிவு, மனிதச் சிறுநீரகத்தின் அகணி நுனியில் 1200-ஐ எட்டுகிறது. இதில் ஏறக்குறைய பாதி யூரியாவின் பங்கு: கழிவு என்று நாம் ஒதுக்கும் அதே பொருளை, நெஃப்ரான்களிலிருந்து வரும் திரவத்தைத் திரட்டும் சேகரிப்பு நாளத்தின் அடிப்பகுதி அகணிக்குள் திரும்பக் கசியவிட்டு, தண்ணீரை இழுக்கும் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. உப்பைத் தள்ளும் ஆற்றலற்ற மெல்லிய ஏறு தூம்பு உள்ள அடி அகணியில் செறிவு எவ்வாறு மேலும் பெருகுகிறது என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்தில் உள்ள கேள்வி.

குன்னின் கருத்து காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் உண்மையான சிறுநீரகத்தில் அப்படி ஒரு செறிவுச் சரிவு இருக்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். 1951-ல் பாசலில் விர்ட்ஸ், ஹர்கிடாய், குன் மூவரும் எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெதுவாகச் சூடேற்றினார்கள். உப்பு மிகுந்த பனிக்கட்டி குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். அகணியின் நுனியில் இருந்த படிகங்கள் முதலில் உருகின; பின் உருகல் சிறிது சிறிதாகப் புறணியை நோக்கி மேலேறியது. ஒரே மட்டத்தில் இருந்த எல்லாக் குழல்களிலும், அவை இறங்குபவையாயினும் ஏறுபவையாயினும், படிகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே உருகின. கண்ணுக்குத் தெரியாத ஒரு செறிவுச் சரிவை, பனி உருகும் வரிசையைக் கொண்டே கண்ணால் பார்த்துவிட்டார்கள். இந்தச் சோதனையை முதன்முதலில் வாசித்த இரவில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. பின்னர் 1959-ல் காட்ஷாக்கும் மைலும் உயிருள்ள விலங்குகளின் நுண்குழல்களில் கண்ணாடி ஊசியால் குத்தித் திரவத்தை எடுத்து அளந்து, ஏறு தூம்பைத் தாண்டி வரும் திரவம் இரத்தத்தைவிட நீர்த்திருப்பதைக் காட்டினர். உப்பு குழலுக்கு வெளியே தள்ளப்பட்டு, தண்ணீர் மட்டும் குழலில் தங்கிவிட்டதற்கு அதுவே சான்று.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய உப்பை இரத்த ஓட்டம் கழுவிக்கொண்டு போய்விடாதா? அகணிக்குச் செல்லும் வாசா ரெக்டா என்ற நுண்குழாய்களும் அதே கொண்டை ஊசி வடிவில் வளைந்திருப்பதால், இறங்கும்போது உள்வாங்கும் உப்பை ஏறும்போது பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அவற்றில் இரத்தமும் மெதுவாகவே, குறைவாகவே ஓடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: அகணி எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வாழ்கிறது. இரத்த அழுத்தம் கடுமையாகச் சரியும்போது சிறுநீரகத்தில் முதலில் அடிபடும் இடங்களுள் உப்பைத் தள்ளும் இந்தப் பகுதியும் ஒன்று.

இனி அந்தப் பதினெட்டு லிட்டர். ஏறு தூம்பிலிருந்து வரும் நீர்த்த திரவம், சேகரிப்பு நாளத்தின் வழியாக அதே உப்பு நிறைந்த அகணிக்குள் மீண்டும் இறங்க வேண்டும். நாளத்தின் சுவர் தண்ணீரை விட்டால், திரவம் இறங்க இறங்கத் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, நுனியில் 1200 செறிவோடு கொஞ்சம் சிறுநீர் மட்டும் சொட்டும். விடாவிட்டால், இருந்தபடியே நீர்த்த சிறுநீராக வெளியேறும். சுவரின் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அந்தக் கதவு வெகுகாலம் ஊகமாகவே இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஆக்ரே, சிவப்பணுக்களில் இரத்த வகையைக் குறிக்கும் ஆர்எச் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தேடாத ஒரு புரதம் மீண்டும் மீண்டும் கிடைத்தது. சிவப்பணுக்களிலும் சிறுநீரகக் குழல்களிலும் அது ஏராளமாக இருந்தது. அதன் வேலையை அறிய, அப்புரதத்தை உண்டாக்கும் ஆர்என்ஏவைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி, நீர்த்த கரைசலில் விட்டனர். ஆர்என்ஏ செலுத்தப்படாத முட்டைகள் பெரிய மாற்றமின்றி இருக்க, செலுத்தப்பட்டவை சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. 1992-ல் வெளியான இந்த முடிவுக்காக 2003-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அக்குவாபோரின் என்று பெயர் பெற்ற அந்தக் கால்வாய் ஒன்றின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் கடக்கின்றன. உப்பும் புரோட்டானும் கடப்பதில்லை. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள் சேகரிப்பு நாளத்துக்கே உரிய அக்குவாபோரின்-2ஐக் கண்டறிந்தனர். அது எப்போதும் சுவரில் பதிந்திருப்பதில்லை. செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கிறது. வாசோபிரெஸின் வந்து செல்லின் இரத்தப் பக்கத்தில் உள்ள வி2 ஏற்பியைத் தொட்டதும், அந்தப் பைகள் சிறுநீர்ப் பக்கத்துச் சவ்வுக்கு நகர்ந்து அதோடு இணைந்து கதவுகளாகின்றன. ஹார்மோன் குறைந்தால் சவ்வு அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இப்போது கரும்பலகையில் இருந்த என் எண்ணைத் திரும்பப் பார்க்கிறேன். நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் என்பதை 1440 நிமிடங்களால் பெருக்கினால் நாளுக்கு 17 லிட்டரைத் தாண்டுகிறது. அந்த எஞ்சிய பதினெட்டு லிட்டருக்கு இது எவ்வளவு அருகில் வந்திருக்கிறது! அந்த ஒரு மணி நேரம் என் பிட்யூட்டரி ஏறக்குறைய மௌனமாக இருந்திருக்கிறது. கதவுகள் உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. வந்த திரவம் அப்படியே போயிற்று. உப்புத் தண்ணீர் அணியினரின் பிரச்சினை வேறு வகையானது. அவர்களிடம் சேர்ந்தது அளவு, செறிவு மாறவில்லை. அதைத் திருத்தும் பொறுப்பு உப்பைக் கையாளும் ஏற்பாட்டைச் சேர்ந்தது: சோடியத்தைத் தேக்கிவைக்கும் ஹார்மோனான அல்டோஸ்டீரோன் குறைய, இதயத்தின் மேலறைகள் விரிவதால் சுரக்கும் ஹார்மோன் கூட, சோடியம் மெல்ல மெல்ல வெளியேறும், தண்ணீர் அதன் பின்னால் போகும். அதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.

எனக்கு ஒரு மணி நேரம் நடந்தது, சிலருக்கு வாழ்நாள் முழுதும் நடக்கிறது. வாசோபிரெஸின் சுரக்காவிட்டாலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, நாளுக்குப் பத்து, பதினைந்து லிட்டர் சிறுநீர் போகக்கூடும். மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியம் நீண்டகாலப் பயன்பாட்டில் இரண்டாவது வகையை உண்டாக்கலாம். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று வழங்கிவந்த இந்நோய்க்கு, 2022-ல் வாசோபிரெஸின் குறைபாடு என்றும் வாசோபிரெஸின் எதிர்ப்பு என்றும் புதுப்பெயர்கள் முன்மொழியப்பட்டன. பெயரில் உள்ள டயாபடீஸ் என்ற சொல்லைக் கண்டு சர்க்கரை நோய் என்று நினைத்து, மருத்துவமனைகளில் இந்நோயாளிகளுக்கு வேண்டிய ஹார்மோன் மருந்து தராமல் விடப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததே அதற்குக் காரணம். ஒரு பெயரை மாற்றுவது இவ்வளவு நியாயமாக எனக்கு வேறெங்கும் பட்டதில்லை.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. 2002-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்திருந்தார்கள். கடும் உழைப்பின் அழுத்தம், செறிவு குறைந்தபின்னும் வாசோபிரெஸினைச் சுரக்க வைக்கக்கூடும் என்பதால், குடித்த தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் கதவு திறந்தே இருந்து அதை உடலுக்குள் திருப்பிவிடுகிறது.

சேமிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நாளுக்குச் சுமார் 600 மில்லிஆஸ்மால் கழிவு வெளியேறியாக வேண்டும். 1200-க்கு மேல் செறிவாக்க முடியாத மனிதச் சிறுநீரகத்துக்கு அதற்காக அரை லிட்டர் தண்ணீர் கட்டாயம் செலவாகும். கடல்நீரைக் குடிப்பவர் ஏன் இன்னும் வேகமாக வறண்டுபோகிறார் என்பதும் இதே கணக்குதான். கடல்நீரின் செறிவு நம் சிறுநீரின் உச்ச வரம்பை ஒட்டி இருக்கிறது. ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்போடு உடலின் யூரியாவையும் சேர்த்து வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பிறந்த குழந்தையால் பெரியவர்களின் பாதி அளவுக்குத்தான் செறிவாக்க முடியும். முதுமையில் அத்திறனும் தாக உணர்வும் ஒருசேரக் குறைகின்றன.

வேறு பாலூட்டிகள் இந்த எல்லையை வேறிடத்தில் வைத்திருக்கின்றன. நன்னீரிலேயே வாழும் பீவர் என்னும் கொறிவிலங்கின் நெஃப்ரான்கள் அனைத்தும் குட்டை வளைவு கொண்டவை; அதனால் 500-ஐச் சற்றே தாண்டத்தான் முடியும். வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி, வாழ்நாளில் தண்ணீர் குடிக்காமலேயே இருக்கக்கூடியது. உலர்ந்த விதைகளைத் தின்று, அவை உடலில் எரியும்போது உண்டாகும் தண்ணீரையே பெரிதும் நம்பி, 5000-ஐத் தாண்டும் சிறுநீரைக் கழிக்கிறது. ஆஸ்திரேலியாவின் துள்ளும் சுண்டெலி 9000-ஐயும் கடக்கிறது. இவற்றின் அகணி நுனி, உடலின் அளவோடு பார்த்தால் மிக நீண்டு, சிறுநீர்க்குழாயின் தொடக்கத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் நேரில் பார்க்க ஏங்கும் சிறுநீரகம் இரத்தம் குடிக்கும் வௌவாலினுடையது. தன் எடையில் பாதிக்கும் மேல் இரத்தம் குடிக்கும் அது, அந்தப் பாரத்தோடு பறக்க முடியாது. குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, குடித்துக்கொண்டிருக்கும்போதே, பிளாஸ்மாவின் தண்ணீரை நீர்த்த சிறுநீராகக் கொட்டத் தொடங்கிவிடுகிறது. பின் இருப்பிடத்துக்குப் பறந்து தொங்கியதும், வயிற்றில் எஞ்சிய ஏறக்குறைய வெறும் புரதம் செரிக்கப்பட்டு யூரியா வெள்ளமாகப் பெருகுகிறது; இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகக்கூடாது. சில மணி நேரத்துக்கு முன் தண்ணீரைக் கொட்டிய அதே குழல்கள், அதே இரவில், 4000-க்கு மேல் செறிவான சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன.